ஒன்றரை ஆள் சம்பளம்

“எங்க அண்ணன் கணக்கை மூடுங்க மேடம். அவன் செத்துட்டான்.”

இதை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதே என்று இரண்டு வருஷமாக எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அப்பா சொன்னார், அம்மா சொன்னாள், வீடு மாறின அன்று சாமான் இறக்கிக்கொண்டே இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். எங்கேயும் சொல்லாதே, கடன் ஆபீஸ் பக்கம் போனால் மூச்சுக்கூட விடாதே.

கடன் ஆபீசிலேயே சொல்லிவிட்டேன்.

எதிரே இருந்த மேடம் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா மடியிலிருந்த பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சிரித்தார். அவருக்குப் பயம் வந்தால் சிரிப்புதான் வரும்.

“புள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல் மேடம். என்ன பேசறோம்னு தெரியாம பேசுது.”

“எனக்கு ஒரு காய்ச்சலும் இல்ல.”

“நீ சும்மா இரு. அவன் நைட் ஷிப்ட் மேடம். இப்ப தூங்கிட்டு இருப்பான்.”

மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அண்ணன் வீட்டில் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறான் என்று நானே நினைத்தேன்.

நாங்கள் வந்தது அவன் கணக்கை மூட இல்லை, என் கணக்கைத் திறக்க. அவன் படித்த அதே இன்ஜினியரிங் டெக்னாலஜி பட்டம், அதே கல்லூரி, அதே இரண்டு வருஷம். அதற்கு அதே ஆபீசில் கடன். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. விண்ணப்பப் பாரம் மேஜைமேல் எங்கள் பக்கமாக இருந்தது. மேடம் இன்னும் அதைக் கையில் வாங்கவில்லை. நான் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாரத்தில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான்தான். பீஸ் குறைந்த சாதாரணக் கல்லூரியில் வணிகவியல். அண்ணன் பள்ளிக்கூடம் முடித்துச் சில வருஷம் கிடைத்த வேலைக்கெல்லாம் போய்விட்டுப் பிறகுதான் அந்த டெக்னாலஜி படிப்பில் சேர்ந்தான். அவன் பட்டம் வாங்கியது எனக்கு ஒரு வாரம் பின்னால். “ஒரு வாரம் எல்லாம் ஒரு கணக்காடி கணக்குப்பிள்ளை?” என்று கடைசிவரைக்கும் சண்டை போட்டான். என்னை அப்படித்தான் கூப்பிடுவான். பிறகு நான் நிஜமாகவே கணக்குப்பிள்ளை ஆனேன். பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில், சம்பளப் பிரிவில்.

அவனுடைய கல்லூரி வாசலில் ஒரு பெரிய போர்டு உண்டு. எங்கள் மாணவர்கள் வாங்கும் சராசரிச் சம்பளம் இவ்வளவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அப்பா அதன் முன்னால் அவனை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் அப்பாதான். அவர் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். வெயில் காலத்தில்கூட அவர் சட்டையைத் தொட்டால் சில்லென்றிருக்கும். பேனா பிடித்தால் கை நடுங்கும். அவர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் எதிரே இருப்பவர்கள் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

படிப்பு முடிந்தது, ஒரு பாட்டில் கம்பெனியில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. முதல் சம்பளச் சீட்டை என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினான். போர்டில் போட்டிருந்த தொகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

“எங்கேடா மீதி?”

“ஓவர்டைம் பாத்தா அந்த நம்பர் வரும்னு சொல்றாங்க.”

“அப்ப பாக்காட்டி?”

“பாக்காட்டி தவணை கட்டிட்டு உன் மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும்.”

ஓவர்டைம் பார்த்தான். இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல, வாரத்தில் நாலு நாள், சில வாரம் ஐந்து. போர்டில் இருந்த நம்பர் நிஜமாகவே வந்தது. அப்பா கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருநாள் காலையில், நல்ல வெளிச்சத்தில், நேரான ரோட்டில், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்பக்கத்தில் அண்ணன் பைக்கோடு போய் மோதினான். பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார்கள். தூங்கிக்கொண்டே வந்திருக்கிறான். கேட்டுக்கு வெளியே நடந்தது எங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி சொன்னது.

அந்தப் போர்டு பொய் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருவதே அதனால்தான். பொய்யாக இருந்தால் கல்லை எடுத்து எறிந்துவிட்டுப் போயிருப்பேன். அந்தச் சம்பளம் இருக்கிறது. ஆனால் அது ஒரு ஆளுடைய சம்பளம் இல்லை, ஒன்றரை ஆளுடையது. இல்லாத அந்த அரை ஆளைத் தூக்கத்திலிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டும்.

அவன் செத்த வாரமே கிடங்கில் யாரோ ஒருவன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான்: கடன் வாங்கினவன் செத்துட்டான்னு தெரிஞ்சா ஜாமீன் போட்டவன் மொத்தப் பணத்தையும் ஒரே தடவையா வைக்கணும், இல்லாட்டி வீடு புகுந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்பா அதை நம்பிவிட்டார். நேராக ஆபீசில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை. நாங்கள் தூக்கிக்கொண்டு போக ஒன்றுமில்லாத வீட்டைக் காப்பாற்ற, அவன் செத்தது தெரியாத வேறு தெருவில் ஒரு வீட்டுக்கு மாறினோம். மாதா மாதம் என் சம்பளத்திலிருந்து தவணை அவன் கணக்கில் விழுந்தது. அவன் ஒரு தவணைகூடத் தவறவில்லை. உயிரோடு இருந்தபோது இரண்டு தடவை தவறியிருக்கிறான்.

புது வீட்டு வாசலில் அம்மா அவனுடைய கனமான சேஃப்டி ஷூவை வைத்தாள். அக்கம்பக்கத்தில் சந்தேகம் வரக் கூடாதாம். காலையில் முனை உள்ளே பார்த்திருக்கும், ஆள் வந்து தூங்குகிறான் என்று அர்த்தம். இருட்டினதும் ஷூவைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவாள், ஆள் வேலைக்குப் போய்விட்டான். ஒருநாள்கூட மறந்ததில்லை. கீழ்வீட்டு டெய்லர் ஒருநாள் என்னை மாடிப்படியில் நிறுத்தி, “உங்க அண்ணனை நேத்து பாத்தேன்மா. என்ன, இப்படி எளைச்சுட்டாரு?” என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறினேன். அன்று ராத்திரி வாசல் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியவில்லை.

அவன் போனும் சார்ஜ் குறையாமல் அலமாரியில் இருந்தது. வாரா வாரம் திங்கட்கிழமை அதில் கடன் ஆபீசிலிருந்து ஒருவர் கூப்பிடுவார். தவணை தவறாதவர்களையும் விசாரிப்பது அவர்கள் வழக்கமாம். பெயர் தெரியாததால் நான் அவருக்குத் ‘திங்கட்கிழமை’ என்றே பெயர் வைத்திருந்தேன். இளசான, மரியாதையான குரல். அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

“அம்மா, நல்லா இருக்கீங்களா? சார் எப்படி இருக்காரு?”

“இப்பதான் தம்பி படுத்தான். எழுப்பட்டுமா?”

“வேணாம்மா, தூங்கட்டும். நீங்க உடம்பைப் பாத்துக்குங்க.”

ஆரம்பத்தில் அம்மா இதோடு வைத்துவிடுவாள். பிறகு பேச்சு நீண்டது. அவனுக்கு முதுகு வலி என்றாள். வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே சத்தம் குறைவு என்றாள். ஒரு திங்கட்கிழமை நான் முடி வாரிக்கொண்டிருக்கும்போது, “சூப்பர்வைசர் ஆயிட்டான் தம்பி,” என்றாள். சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமைக்கு வந்த பலன்தான் இந்தப் பாரம். தவணை தவறாத அண்ணனுக்கு, அதுவும் சூப்பர்வைசர் அண்ணனுக்கு, அந்த ஆபீசில் நல்ல பெயர். வீட்டில் வேறு யாராவது படிக்கிறதாக இருந்தால் அவர் ஜாமீனிலேயே கடன் தருகிறோம், அவர் நேரில் வரக்கூட வேண்டாம் என்று திங்கட்கிழமை சொன்னார். அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். எங்கள் தொழிற்சாலையில் வருகைப் பதிவு மெஷின் நின்றுபோனால் மெயின்டெனன்ஸ் ஆள் வருவதற்குள் நான் கழற்றிப் பார்த்துவிடுவேன். மற்றவர்கள் சம்பளத்தைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கிழடாகிப் போவதைவிட, மோட்டார் ஏன் சூடாகிறது என்று கண்டுபிடிப்பது மேல். ஆகவே கணக்குப் போட்டேன். பட்டம் இல்லாத ஃபிட்டர் நூறு வாங்கினால் இந்தப் பட்டத்தோடு வருகிறவன் நூற்று முப்பது வாங்குகிறான். நான் தட்டுகிற சீட்டிலேயே இருக்கிறது. தவணை நாற்பத்தைந்து. மிச்சம் எண்பத்தைந்து. கடன் அடைகிறவரை, ஏழு வருஷத்துக்குப் பட்டம் உள்ளவன் பட்டம் இல்லாதவனைவிட ஏழை. அப்புறம் விட்டதைப் பிடிக்க இன்னும் மூன்று வருஷத்துக்கு மேலே. படிக்கிற இரண்டு வருஷம் சம்பளமே இல்லை என்பதை நான் இன்னும் கூட்டவே இல்லை. கூட்டப் பயமாக இருந்தது.

கல்லூரிக்கே போய்க் கேட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாயங்கால வகுப்பு உண்டு, பாடம் பாடமாகப் பணம் கட்டிப் படிக்கலாம், நாலைந்து வருஷம் இழுக்கும் என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன். “நாலஞ்சு வருஷமா? அவன் ரெண்டு வருஷத்துல முடிச்சான்,” என்றார்.

அதனால்தான் இன்று லீவு போட்டுவிட்டுக் கூட வந்தேன். ஜாமீனுக்கு அண்ணனுக்குப் பதிலாக அப்பா எப்படியோ வேறு ஆள் பிடித்திருப்பார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போடலாம் என்றுகூட முக்கால்வாசி முடிவு செய்திருந்தேன். அப்பா பையிலிருந்து பாரத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். ஜாமீன்தாரர் என்ற இடத்தில் அண்ணன் கையெழுத்து இருந்தது.

அச்சாக அவனுடையது. முதல் எழுத்தின் சுழி, கடைசியில் அலட்சியமாக இழுத்துவிடுகிற வால், எல்லாம். கிடங்கில் கிழிந்த அட்டைப் பெட்டிகளில் அப்பா எத்தனை நாள் போட்டுப் பழகினாரோ. தன் கையெழுத்துக்கு நடுங்குகிற கை, செத்துப்போன மகன் கையெழுத்துக்கு நடுங்கவே இல்லை.

அப்போதுதான் என் வாய் திறந்தது.

“நிஜமாத்தான் சொல்றியாம்மா?” என்றார் மேடம். குரல் தாழ்ந்திருந்தது.

“பாட்டில் கம்பெனியிலேர்ந்து வர்ற வழியில. ரெண்டு வருஷம் ஆச்சு. தவணை நான் கட்டறேன்.”

“ஏன் அப்பவே சொல்லல?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“மொத்தமா கேப்பீங்கன்னு…” என்றார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “ஐயா, யார் சொன்னா உங்களுக்கு? இந்தக் கடனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. வாங்கினவர் இறந்துட்டா மீதியை அவங்கதான் கட்டணும். முதல் பணம் குடுக்கும்போதே அதுக்குப் பிடிச்சுட்டுத்தான் குடுத்தோம். உங்க பையனுக்குச் சொல்லியிருப்பாங்களே.”

சொல்லியிருப்பார்கள். அவன் கேட்டிருக்க மாட்டான். இருபத்து மூன்று வயதில் தான் செத்தால் என்ன ஆகும் என்று எவன் காது கொடுத்துக் கேட்பான்?

அப்பா சிரிப்பை நிறுத்தினார். முகத்திலிருந்து யாரோ அதைக் கையால் வழித்துப் போட்டமாதிரி இருந்தது.

“அப்ப நாங்க கட்டினது?”

“இவ்வளவு நாள் கழிச்சுச் சொல்றீங்க. இறப்புச் சான்றிதழோட மேல அனுப்பணும். கட்டினது திரும்ப வருமான்னு என்னால சொல்ல முடியாது. மீதிக்கு ஒத்துக்குவாங்கன்னு நினைக்கறேன். அதுக்கும் உத்தரவாதம் இல்ல.” பிறகு என் கைக்குக் கீழே இருந்த தாளைப் பார்த்தார். அதிலிருந்த கையெழுத்தையும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். “அந்தப் பேப்பரை நான் இன்னும் வாங்கல,” என்றார். “வாங்கினா பாக்க வேண்டி வரும்.”

நான் அதை நாலாக மடித்தேன்.

அப்போது முதுகுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு குரல் கேட்டது.

“அம்மா, நல்லா இருக்கீங்களா? சார் எப்படி இருக்காரு?”

இன்று திங்கட்கிழமை.

எழுந்து தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனேன். அப்பா என்னைத் தடுக்கவில்லை. வரிசையாக மேஜைகள், ஹெட்போன் மாட்டிய ஆட்கள். குரலை வைத்துக்கொண்டு தேடினேன். இரண்டு வருஷமாக அம்மா தம்பி, தம்பி என்று உருகிய ஆள் முழு வழுக்கை. ஐம்பதைத் தாண்டியிருப்பார். டப்பாவைத் திறந்து வைத்து ஒரு வாய் சாப்பிடுவதும் பேசுவதுமாக இருந்தார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

“அது எங்கம்மா,” என்றேன்.

அவர் மைக்கைக் கையால் மூடினார். “யாரும்மா நீங்க?”

“சாரோட தங்கச்சி. குடுங்க.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள்.

“…இருமல்தான் தம்பி விடமாட்டேங்குது. ராத்திரி பூரா இருமறான். நான் எழுந்து வெந்நீர் வெச்சுக் குடுக்கறேன், ரெண்டு வாய் குடிச்சுட்டு வேணாங்கறான். சின்ன வயசுலேயே அப்படித்தான்…”

பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் நானும் வெந்நீர் வைக்கப் போயிருப்பேன்.

“அம்மா. நான் பேசறேன்.”

பேச்சு அறுந்தது. அங்கே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நீ எங்கேர்ந்து பேசற?”

“ஆபீஸ்லேர்ந்து. சொல்லிட்டேம்மா.”

“மேடம்கிட்டயா?”

“ம்.”

“அந்தத் தம்பிகிட்ட?”

“பக்கத்துலதான் இருக்காரு. இப்ப தெரிஞ்சிருக்கும்.”

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. எனக்கு ஈடாகக் கோபம் வருகிறவள் அவள்தான்.

“அவன் செத்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாடி? பெத்தவளுக்குத் தெரியாதா? வாரத்துல ஒரு நாள். ரெண்டு மூணு நிமிஷம். அவன் எப்படி இருக்கான்னு உலகத்துல ஒருத்தன் கேக்கறான். நீ கேட்டியா? உங்கப்பன் கேட்டானா? அவன் பேரைச் சொல்லவே இந்த வீட்ல பயம். கடன்காரனுக்கு இருக்கற எண்ணம்கூட உங்களுக்கு இல்லியே.”

வழுக்கைத் தலைக்காரர் டப்பாவை மூடினார். சத்தம் வராமல், மெதுவாக.

“கேக்கறேம்மா,” என்றேன். “இனிமே நான் கேக்கறேன். ஆனா சூப்பர்வைசர் கதை வேணாம். சின்ன வயசுல வெந்நீர் வேணாம்னான்ல, அதைச் சொல்லு.”

அம்மா வைத்துவிட்டாள்.

ஹெட்போனை மேஜைமேல் வைத்தேன். “எனக்குத் தெரியாதும்மா,” என்றார் அவர். அதே இளங்குரல். “லிஸ்ட்ல இருக்கறவங்களைக் கூப்பிடறது என் வேலை.”

“தெரியும். லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க.”

திரும்பி வந்தபோது அப்பா காலிப் பையைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார். மேடம் அண்ணன் கணக்கைத் திறந்து எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

“அப்ப உன் படிப்பு?” என்றார் அப்பா.

“படிப்பேன். சாயங்காலக் கிளாஸ். சம்பளம் வர வர, ஒரு ஒரு பாடமா.”

“அதுக்குள்ள கிழவி ஆயிடுவ.”

“உசுரோட கிழவி ஆவேன்பா.”

அவருக்கு அடிபட்டது தெரிந்தது. தெரிந்தும் என்னால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. “சான்றிதழ் நகல் என் அலமாரியில இருக்கு மேடம். நாளைக்குக் கொண்டுவரேன். இவர் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டும்,” என்றேன். மடித்த பாரத்தைக் கைப்பையில் போட்டேன். அதைக் கிழிக்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே, அவர் கண்முன்னால் முடியாது. அண்ணன் கையெழுத்து என்று எங்களிடம் மிஞ்சியதில் அதுதான் நன்றாக இருந்தது.

கதவை நோக்கி நடந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது, எண்களை அழுத்துவது கேட்டது. அடுத்த வீடு.

“அம்மா, நல்லா இருக்கீங்களா? சார் எப்படி இருக்காரு?”

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.